நாய்க்குட்டியை விலைக்கு வாங்கலாமா, எடுத்து வளர்க்கலாமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



"ஆடு மாடு பத்திப் பேசுவீங்க, கோழி பத்திப் பேசுவீங்க. இன்னைக்கு என்னம்மா நாயைப் பத்திப் பேச வந்துட்டீங்க?" என்று ஒரு அக்கா வாசலிலேயே கேட்டுவிட்டார். காரணம் இருக்கிறது. கொஞ்ச நாளாகக் குழுக்களின் தீர்மான நோட்டைப் புரட்டும்போது, உள்கடன் பகுதியில் "நாய்க்குட்டி வாங்க" என்ற வரியை நாங்கள் பார்க்கிறோம். பட்டியில் ஆடு திருட்டுப் போகிறது. வீட்டுக்காரர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டால், பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. நாய் கேட்பது நியாயமான தேவைதான். ஆனால் எங்கே, எப்படி வாங்குகிறோம் என்பதில்தான் பணமும் போகிறது, சில நேரம் உயிரும் போகிறது.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். ஒரு உறுப்பினர் 8,000 ரூபாய் உள்கடன் வாங்கி, ஒரு தரகரிடம் 'சுத்த ஜாதி' என்று குட்டி வாங்கினார். குட்டிக்கு வயது 35 நாள் இருக்கும். தாயைக் காட்டவில்லை. தடுப்பூசி போட்ட சீட்டும் தரவில்லை. ஆறாம் நாள் வாந்தி, ரத்தக் கழிச்சல். எட்டாம் நாள் குட்டி இல்லை. போன் போட்டால் தரகர் எடுக்கவில்லை. மாதம் 800 ரூபாயும் வட்டியும் பத்து மாதம் கட்டினார், இல்லாத நாய்க்கு. நாய் வித்த காசு குரைக்காது என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. விற்றவருக்கு அது குரைக்கவில்லை. வாங்கியவருக்குத்தான் மாதாமாதம் குரைத்தது.

சரி, நாய் வேண்டும் என்றால் என்ன வழி? இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. ஒன்று, முறையாக வளர்த்து விற்பவரிடம் விலைக்கு வாங்குவது. இன்னொன்று, காப்பகத்திலிருந்தோ தெருவிலிருந்தோ எடுத்து வளர்ப்பது. மூன்றாவதாக ஒரு கெட்ட வழியும் இருக்கிறது. தாயைக் காட்டாமல், கூடையில் வைத்துச் சந்தையிலும் சாலையோரத்திலும் விற்பவரிடம் வாங்குவது. அது வேண்டவே வேண்டாம்.

முதலில் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நமக்கு நாய் எதற்கு?

ஆள் வந்தால் குரைக்க வேண்டும், ராத்திரி வாசலில் கிடக்க வேண்டும். இவ்வளவுதான் தேவை என்றால் எந்த நாட்டு நாயும் அதைச் செய்யும். நம் வெயிலுக்குப் பழகிய உடம்பு. நாம் சாப்பிடும் சோற்றோடு முட்டையோ கருவாடோ சேர்த்துப் போட்டால் வளர்ந்துவிடும். டி.வி.யில் பார்த்துவிட்டுப் புசுபுசுவென்று ரோமம் உள்ள குளிர்நாட்டு நாயை வாங்கி, நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கட்டிப் போட்டால் அது நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடக்கும். நமக்கும் கஷ்டம், அதற்கும் கஷ்டம்.

நம் மண்ணின் இனங்கள் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நல்லதுதான். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் நம் தென்மாவட்டத்து இனங்கள். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. இந்த இனங்கள் அழியாமல் இருக்க யாராவது முறையாக வளர்க்கத்தான் வேண்டும். அந்த வேலையை நேர்மையாகச் செய்கிறவர்களை நாம் குறை சொல்லக் கூடாது.

ஆனால் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு குணம் உண்டு. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதற்கென்றே பிறந்தவை. ஒண்டுக்குடித்தனத்தில் சங்கிலி போட்டுக் கட்டினால் அதற்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். "முயல் புடிக்கும்ல?" என்று கேட்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். ராஜபாளையத்தில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாங்கும்போது அது பார்க்காத நேரம் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். திரும்பினால் சரி. காது கேட்காத நாய் திருடன் வருவதை எப்படிக் கேட்கும்?

வளர்த்து விற்பவரிடம் போனால் என்ன கேட்க வேண்டும்? எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று: தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் எலும்பும் தோலுமாக, இருட்டுக் கூண்டில் கிடந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

இரண்டு: குட்டிக்கு எட்டு வாரம் முடிந்துவிட்டதா? அதற்கு முன் விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. தாயோடும் கூடப் பிறந்ததுகளோடும் இருக்கும் அந்த நாட்களில்தான் 'எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம்' என்பதையே குட்டி கற்றுக்கொள்கிறது.

மூன்று: மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா?

நான்கு: குடற்புழு நீக்கம் செய்த தேதி, தடுப்பூசி போட்ட தேதி, கால்நடை மருத்துவர் கையெழுத்து, இவை உள்ள அட்டை இருக்கிறதா? 'பார்வோ' என்ற ரத்தக் கழிச்சல் நோய்க்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் ஊசி தொடங்கி, டாக்டர் சொல்கிற இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஒரு ஊசியோடு முடிவதில்லை.

ஐந்து: கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத செலவைக் குழுவில் ஏற்றுக்கொள்வோமா? இதுவும் அப்படித்தான்.

இனி இரண்டாவது வழி, காப்பகம். சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1959-இல் தொடங்கியது. இன்று வேறு நகரங்களிலும் காப்பகங்கள் இருக்கின்றன. அடிபட்டது, கைவிடப்பட்டது, வீட்டுக்காரர் வீடு மாறும்போது விட்டுப் போனது எல்லாம் அங்கே இருக்கும். அதில் ஜாதி நாயும் உண்டு. ஆசைப்பட்டு வாங்கி, வளர்ந்ததும் வேண்டாம் என்று விட்டவை அவை.

காப்பகத்தில் வளர்ந்த நாயை எடுப்பதில் ஒரு லாபம், அதன் குணம் முன்னாலேயே தெரிந்துவிடும். குட்டி எப்படி வளரும் என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று வயது நாய் குழந்தைகளிடம் எப்படி, ஆட்டைக் கண்டால் எப்படி என்று பராமரிப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பெரும்பாலும் தடுப்பூசியும் கருத்தடையும் செய்தே கொடுப்பார்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறோம். நிறைய நாய்கள் ஒன்றாக இருக்கும் இடம் என்பதால் நோய் தொற்ற வாய்ப்பு உண்டு. எடுத்து வந்ததும் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் இரண்டு வாரம் தனியாக வையுங்கள். அடி வாங்கிய நாய் முதல் சில நாள் மூலையில் ஒடுங்கும், உறுமும். அவசரப்பட்டுத் தொடக் கூடாது. காப்பகத்தார் உங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும், அடையாள அட்டை வேண்டும் என்று கேட்டால் கோபப்படாதீர்கள். நாம் கடன் கொடுப்பதற்கு முன் விசாரிப்பதில்லையா?

"காப்பகம் டவுன்லதானே இருக்கு, நாங்க எங்க போறது?" என்று கேட்கிறீர்கள். நம் தெருக்கோடியைப் பாருங்கள். அங்கேதான் நம் ஊர்க் காப்பகம். ஒரு தாய் ஐந்து ஆறு குட்டி போடுகிறது. ஆண் குட்டிகளை ஆளுக்கொன்று தூக்கிப் போய்விடுகிறார்கள். பெண் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விட்டுவிட்டு வருகிறார்கள். ஏன் என்று கேட்டால், "பொட்டைக் குட்டியை வளர்த்து என்ன பண்றது? செலவுதான்" என்கிறார்கள். சகோதரிகளே, இந்தப் பேச்சை நாம் இதற்கு முன் வேறு எங்கே கேட்டிருக்கிறோம் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

பெண் நாய் காவலில் ஆண் நாய்க்குக் குறைந்ததில்லை. அடிக்கடி குட்டி போடுமே என்ற கவலைக்குக் கருத்தடை அறுவை இருக்கிறது. கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடுவது உள்ளாட்சியின் பொறுப்பு என்று 2023-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. காது நுனியில் அடையாள வெட்டு இருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம். உங்கள் ஊரில் ஒன்றுக்குக்கூட அந்த அடையாளம் இல்லையென்றால், அடுத்த கிராம சபையில் குழுவாகப் போய் மனுக் கொடுங்கள்.

செலவுக் கணக்குக்கு வருவோம். குட்டி சும்மா கிடைத்தாலும் நாய் சும்மா வளராது. சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 10,950 ரூபாய். நாய் 12 வருஷம் இருந்தால் 1,31,400 ரூபாய். ஊசி, மருந்து தனி. வாங்கும் விலை ஒரு நாள் செலவு, வளர்ப்பது 12 வருஷச் செலவு. ஆகவே கையில் இருக்கும் 8,000 ரூபாயைக் குட்டிக்கே கொடுத்துவிட்டால் ஊசிக்கு என்ன செய்வீர்கள்? தெருக்குட்டியை எடுத்து, அந்தப் பணத்தில் பாதியைத் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் ஒதுக்கினால் மீதி உங்கள் சேமிப்பில் இருக்கும்.

சிலர் "நாய் வளர்த்துக் குட்டி விக்கிறோம், தொழில் கடன் கொடுங்க" என்கிறார்கள். முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் விதி தெரிந்து இறங்குங்கள். பதிவு கட்டாயம். தாய்க்கு 18 மாதம் ஆக வேண்டும், எட்டு வயதுக்கு மேல் கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. இப்படி முறையாகச் செய்தால் வரும் லாபம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, மிக முக்கியமானது. வாங்கிய நாயோ, எடுத்த நாயோ, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி வருஷா வருஷம். ஆண்டுதோறும் செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தை ஒட்டி இலவச முகாம்கள் நடக்கின்றன. வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். சந்தேகப்படும்படியான விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "குட்டிதானே, லேசாப் பல்லு பட்டுச்சு" என்று விடாதீர்கள். குட்டிக்கும் வெறிநோய் வரும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சொன்ன தேதியில் எல்லா ஊசியையும் போடுங்கள். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் போய்விட்டது, இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

எங்கள் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறோம். காவலுக்கு மட்டும் என்றால் எடுத்து வளர்ப்பதே நமக்கு ஏற்றது. இனம்தான் வேண்டும் என்றால் தாயைப் பார்த்து, அட்டை பார்த்து, ரசீதோடு வாங்குங்கள். இனி நாய்க்கென்று உள்கடன் கேட்டு வந்தால், குழுவில் இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பதிலைத் தீர்மான நோட்டில் எழுதிய பிறகே பணம் கொடுப்பது என்று முடிவு செய்யலாம். ஊருக்குப் போனதும் உங்கள் குழுவில் பேசி, வீட்டில் நாய் இருக்கும் உறுப்பினர்களின் பட்டியலையும் ஊசி போட்ட தேதியையும் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஊசி போடாதவை எத்தனை என்று தெரிந்தால், கால்நடை மருத்துவரிடம் பேசி நம் ஊர்களிலேயே முகாம் கேட்கலாம்.