குனிந்தால் கலை, நிமிர்ந்தால் அரசியலா?

(கும்பகோணத்தில் இளம் ஓவியர்களின் கூடுகை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஓவியத்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் ஓவியத்தின் கூலியைப் பற்றியும் ஓவியனின் சாதியைப் பற்றியும் பேசப் போகிறேன். இந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு இந்த ஊரில் ஓவியத்தைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது.

முதலில் என் வருடம் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 14-க்கு முன்னால் சுற்றுவட்டாரச் சேரிகளில் அண்ணல் சிலைகளுக்கு நீலக் கோட்டு அடிக்கும் வேலை. மே மாதம் பள்ளிக்கூடச் சுவர்கள். எங்காவது குடமுழுக்கு வந்து கோபுரத்துக்குச் சாரம் கட்டினால், சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் பூசக் கூப்பிடுவார்கள். தேர்தல் வந்தால் சின்னம். நடுவில் கடைப் பலகை, வண்டிகளுக்கு நம்பர் எழுதுவது. இதெல்லாம் போக மிச்சமிருக்கும் இரவில்தான் என் கான்வாஸ்.

முன்பு கட் அவுட்டும் பேனரும் வருடம் முழுக்கச் சோறு போட்டன. ஃப்ளெக்ஸ் வந்தது, அது போனது. கட்டம் போட்டு முகத்தைப் பெரிதாக்கவும், நூல் அடித்து எழுத்தை நேராக நிறுத்தவும் பத்து வருடம் உழைத்துக் கற்றவர்கள் இன்று வீடுகளுக்கு பிரைமர் அடிக்கிறார்கள். அதில் எந்தக் கேவலமும் இல்லை. ஆனால் அவர்களுடைய கையில் இருந்த கல்வி அவர்களோடு முடிந்துபோகிறது. அதைப் பற்றி இந்த ஊரின் கலை வட்டாரத்தில் யாரும் ஒரு கூட்டம்கூடப் போட்டதில்லை.

ஏனென்றால் இங்கே ஒரே வேலைக்கு மூன்று பெயர் இருக்கிறது. ஒருவர் ஸ்தபதி. ஒருவர் ஆர்ட்டிஸ்ட். இன்னொருவர் பெயின்டர். கும்பகோணம் சின்ன ஊர். பக்கத்தில் சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கிறார்கள். கொஞ்சம் தள்ளி தஞ்சாவூர் ஓவியம். தமிழ்நாட்டில் ஓவியத்துக்கென்று அரசு நடத்தும் கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் இங்கேயும்தான். கலைக்குப் பஞ்சமில்லாத ஊர். ஆனால் நீங்கள் தூரிகை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று பார்ப்பதற்கு முன்னால், "தம்பி, உங்களுக்கு எந்தத் தெரு?" என்று கேட்டுவிட்டுத்தான் மூன்றில் எந்தப் பெயர் உங்களுக்கு என்று முடிவு செய்வார்கள். நான் கவின்கலை படித்தவன். பதினைந்து வருடமாகப் பெயின்டர்தான்.

ஒரு கோயிலில் நாற்பது நாள் சாரத்தில் நின்றேன். துவாரபாலகருக்கு உடம்பு, நகை, ஆடை எல்லாம் என் கையால் பூசியது. கடைசி நாள் கண் திறப்பதற்கு வேறொருவர் வந்தார். எங்களைச் சாரத்திலிருந்து இறங்கி வெளியே நிற்கச் சொன்னார்கள். சாதி தொழிலை மட்டும் பிரிக்கவில்லை, தொழிலாளியையே பிரித்து அடுக்குகிறது என்று 1936-இல் அம்பேத்கர் எழுதினார். எனக்கு அது புத்தகத்தில் படித்துப் புரிந்த விஷயம் இல்லை. ஒரே சிலையில் உடம்பு ஒரு சாதிக்கு, கண் ஒரு சாதிக்கு என்று பிரித்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டது.

இனி கண்காட்சிக்கு வருவோம். டெல்டாவில் நன்றாக விலைபோகிற படம் எது தெரியுமா? அக்ரஹாரத்துத் திண்ணை, குளக்கரை, கோயில் யானை. அதற்கு அடுத்தது நடவு. வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்கள், பச்சை நாற்று, தண்ணீரில் வானம். முகம் இருக்காது, முதுகு மட்டும் இருக்கும். வாங்கிக்கொண்டுபோய் வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். அந்த முதுகு என் அம்மாவுடைய முதுகு. உங்களில் பலருடைய அம்மாவுடையது.

நான் அதே பெண்களைக் கரையேறிய பிறகு வரைந்தேன். காலில் சேறு காய்ந்திருக்கிறது, கையில் டீ கிளாஸ், அன்றைய கூலியை எண்ணிப் பார்க்கிறார்கள். ஒருத்தி நேராக உங்களைப் பார்க்கிறாள். ஒரு குழுக் கண்காட்சிக்கு அதை எடுத்துப்போனபோது, "நல்லா இருக்கு, ஆனா கொஞ்சம் அரசியலா இருக்கே" என்று சொல்லி ஓரச் சுவரில் மாட்டினார்கள். குனிந்திருந்தால் கலை, நிமிர்ந்தால் அரசியல். திண்ணையை வரைந்தால் பாரம்பரியம், சேரியை வரைந்தால் பிரச்சாரம். இந்த மண்ணில்தான் 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலி கேட்டுச் சங்கமாக நிமிர்ந்ததற்காக. அதனால் நடவுப் படத்தில் முகம் இல்லாமல் இருப்பதை வெறும் அழகியல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தப் பாதையில் நாம் தனியாக இல்லை. நாக்பூரில் பிறந்த சவி சவார்கர், கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டப்பட்ட மனிதர்களைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு யாரும் அழகான கிராமம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் 'பீமாயனா' 2011-இல் வந்தது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு பழங்குடி ஓவியர்கள். அவர்களுடைய பெயர் அட்டையிலேயே இருக்கிறது. அந்தப் பெயர்தான் முக்கியம். பள்ளிச் சுவரில் பத்து நாள் வேலை செய்தவருக்குக் கீழே பெயர் எழுத ஒரு சாண் இடம் கிடைப்பதில்லை. பெயின்ட் வாங்கிக் கொடுத்தவர் பெயர் மட்டும் ஓரடி உயரத்துக்கு நிற்கும்.

இப்போது நம் பக்கம் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அண்ணல் சிலைகள் பலவற்றைக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். ஒரு ஊரில் சாவி கிடைக்காமல், கம்பி இடுக்கில் கையை விட்டு, குச்சியில் பிரஷ்ஷைக் கட்டி கோட்டுக்கு நீலம் அடித்தேன். முடித்ததும் இளைஞர்கள் மாலை போட்டார்கள், முழக்கம் போட்டார்கள். கூலி கேட்டபோது, "தோழர், இது நம்ம வேலைதானே" என்றார்கள். நம்ம வேலைதான். மைக் செட்காரருக்கும் பந்தல்காரருக்கும் ஃப்ளெக்ஸ் கடைக்கும் முன்பணம் கொடுத்தீர்களே, அதுவும் நம்ம வேலைதானே? கையால் செய்கிற வேலைக்கு மட்டும் நன்றியும் சால்வையும் போதும் என்று நினைப்பது எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். அது நாம் எதிர்க்கிற இடத்திலிருந்துதான் வந்தது.

அரசாங்கத்தின் கணக்கும் வேறில்லை. 2012-இல் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், இசை எல்லாம் அதில் அடக்கம். மாதம் 5,000 ரூபாய். பன்னிரண்டு வருடம் போராடி அது 12,500 ஆனது. நிரந்தரம் கேட்டு அவர்கள் வீதிக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். சேரிப் பிள்ளைக்கு முதன்முதலில் கிரேயான் கொடுக்கிற ஆசிரியர் அவர்தான். தனியாகப் பணம் கட்டி டிராயிங் கிளாஸ் போக அந்தப் பிள்ளைக்கு வழியில்லை. அவருடைய வேலை நிரந்தரமாகாமல் நம் வீட்டிலிருந்து அடுத்த ஓவியர் வரப்போவதில்லை.

அதனால் மூன்று கோரிக்கைகளை உங்கள் முன்னால் வைக்கிறேன். ஒன்று, சுவரோ சிலையோ பேனரோ, யார் வரையக் கூப்பிட்டாலும் கூலியைப் பேசி எழுதி வாங்குங்கள். பாதி முன்பணம் வாங்காமல் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். நம் அமைப்புகளுக்கும் இதுவேதான். இரண்டு, பெயர் போடாத வேலை வேண்டாம். சின்னதாகவாவது மூலையில் உங்கள் பெயரும் வருடமும் இருக்கட்டும். மூன்று, தொழிலாளர் துறையின் கீழ் ஓவியர் நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்யுங்கள். 'நான் ஆர்ட்டிஸ்ட், எனக்கெதற்குத் தொழிலாளி அட்டை' என்று நினைக்காதீர்கள். சாரத்திலிருந்து விழுந்தால் கால் உடைவது எல்லோருக்கும் ஒன்றுதான்.

2028-இல் இந்த ஊருக்கு மகாமகம் வருகிறது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவது. ஊர்ச் சுவரெல்லாம் வெள்ளையடித்துப் படம் போடுவார்கள். திண்ணையும் யானையும் குனிந்த முதுகும் நிறைய வரும். அந்தச் சுவர்கள் மக்கள் வரிப்பணத்துச் சுவர்கள். அதில் நம் தெருவும் இருக்க வேண்டும், கூலியை எண்ணிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிற பெண்ணும் இருக்க வேண்டும், கீழே வரைந்தவர் பெயரும் இருக்க வேண்டும். டெண்டர் முடிந்த பிறகு கண்டன அறிக்கை எழுதிப் பயனில்லை. எத்தனை பேர் இருக்கிறோம், யாருக்கு என்ன வேலை தெரியும், சதுர அடிக்கு என்ன கேட்கப் போகிறோம் என்று இன்றைக்கே ஒரு நோட்டில் எழுத ஆரம்பிப்போம். நோட்டு கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கிறேன், பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஜெய்பீம்.