ஒளிப்பவர் ஒரு கை, தேடுபவர் ஒரு கை

(நம் அறக்கட்டளை நூலகத்தில் கோடை விடுமுறையில் நடந்த பெற்றோர் – பிள்ளைகள் கூட்டத்தில், கல்விக் குழு சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லீவு விட்டால் பிள்ளைகள் ஃபோனைக் கீழே வைப்பதில்லை என்று போன கூட்டத்தில் பலர் எங்களிடம் குறைபட்டீர்கள். அதே ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே நடக்கவும், பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்து யோசிக்கவும் வைக்கிற ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறோம். ஜியோகேச்சிங் என்று பெயர். எங்கள் குழுவில் இருவர் வேலைக்காக ஜெர்மனியில் இருந்தபோது குடும்பத்தோடு பழகியது.

அது பிறந்த கதை சின்னது. செயற்கைக்கோள் வழியாக இடம் காட்டும் ஜி.பி.எஸ். சமிக்ஞையை, பொதுமக்களுக்குத் துல்லியமாகக் கிடைக்காதபடி அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலக்கி வைத்திருந்தது. 2000 மே 2 முதல் அந்தக் கலக்கலை நிறுத்தினார்கள். மறுநாளே, ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் காட்டோரம் ஒரு கறுப்பு வாளியை வைத்து, உள்ளே சில சாமான்களைப் போட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் எழுதினார். முடிந்தால் கண்டுபிடியுங்கள், ஒன்றை எடுத்தால் ஒன்றை வையுங்கள், நோட்டில் பெயர் எழுதுங்கள் என்பதுதான் ஏற்பாடு. சில நாட்களுக்குள் கண்டுபிடித்தும் விட்டார்கள். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இப்படி ஒளிந்திருக்கின்றன.

சாதாரணப் பெட்டிக்கு எண்களை நேரடியாகவே கொடுத்துவிடுவார்கள். நாங்கள் சொல்ல வந்தது புதிர்ப் பெட்டியைப் பற்றி. வரைபடத்தில் நீல நிறக் கேள்விக்குறி போட்டிருக்கும். அந்தக் குறி இருக்கும் இடத்தில் பெட்டி இருக்காது. ஏறக்குறைய 3 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வேறெங்கோ இருக்கும். புதிரை விடுவித்தால்தான் உண்மையான எண்கள் கிடைக்கும். 52 பாகை 31.245 நிமிடம் வடக்கு என்பது போல அந்த எண்கள் வரும். பெரும்பாலும் கடைசி மூன்று இலக்கங்களைத்தான் ஒளித்து வைப்பார்கள். வடக்கு–தெற்கில் கடைசி இலக்கம் ஒன்று பிசகினால் 2 மீட்டருக்கும் குறைவாகத்தான் தள்ளிப் போவோம், தேடிவிடலாம். மூன்றில் முதல் இலக்கம் ஒன்று பிசகினால் 185 மீட்டர். அடுத்த தெருவில் நிற்போம்.

புதிர் என்றதும் பயப்பட வேண்டாம். இதில் மிகவும் பழக்கமான முறை ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கடைப் பலகையிலும் வண்டி நம்பரிலும் 786 பார்க்கிறோமே, அது எப்படி வந்தது என்று பிள்ளைகளிடம் கேட்டோம். மூன்று பேருக்குத்தான் தெரிந்தது. அரபி எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, அப்ஜத் கணக்கு என்பார்கள். பா 2, ஸீன் 60, மீம் 40: ‘பிஸ்மி’ 102. அலிஃப் 1, லாம் 30, இன்னொரு லாம் 30, ஹே 5: ‘அல்லாஹ்’ 66. அலிஃப் 1, லாம் 30, ரா 200, ஹா 8, மீம் 40, நூன் 50: ‘அர்ரஹ்மான்’ 329. ‘அர்ரஹீம்’ சொல்லில் நூனுக்குப் பதில் யா 10 வருவதால் 289. கூட்டிப் பாருங்கள், 786. பிஸ்மில்லாஹ்வுக்குப் பதிலாக அதை எழுதலாமா கூடாதா என்பது ஆலிம்களிடம் கேட்க வேண்டிய விஷயம். இங்கே நாம் பார்ப்பது கணக்கை மட்டும்தான். ஐரோப்பாவில் புதிர்ப் பெட்டி வைப்பவர்கள் ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 26 வரை எண் கொடுத்து, ஓர் ஊர்ப் பெயரைக் கூட்டச் சொல்லி, அதிலிருந்து அட்சரேகையை எடுக்க வைப்பது இதே வேலைதான்.

இன்னும் கடினமானது, எழுத்துக்குப் பதில் வேறு எழுத்தோ படமோ வைத்து எழுதிய ரகசிய வாசகம். இதை உடைக்கும் வழியை, நமக்குத் தெரிந்தவரை முதன்முதலில் எழுதி வைத்தவர் 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி. அவர் சொன்னது இவ்வளவுதான்: அதே மொழியில் நீளமான ஓர் உரையை எடு, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணு. பிறகு ரகசிய வாசகத்தில் எந்தக் குறி அதிகம் வருகிறது என்று எண்ணு. இரண்டையும் பொருத்திப் பார். ஆங்கிலத்தில் ‘ஈ’ எழுத்துதான் அதிகம் வரும், ஆகவே அதிகம் வரும் குறி பெரும்பாலும் ‘ஈ’. 1,100 ஆண்டுகளுக்குப் பிறகும், பெர்லினில் ஒரு பள்ளிப் பையன் புதிர்ப் பெட்டிக்காக உட்கார்ந்து செய்வது இதைத்தான். பிள்ளைகள் இந்த இதழின் ஒரு பக்கத்தை எடுத்துத் தமிழில் எந்த எழுத்து முந்துகிறது என்று எண்ணிப் பாருங்கள். நாங்கள் எண்ணினோம், சொல்ல மாட்டோம். இன்னொரு செய்தி: நம் பெரியவர்கள் பூஜ்யத்தைச் சைபர் என்பார்கள். அரபியின் ‘ஸிஃப்ர்’தான் அது. ஆங்கிலத்தில் ரகசிய எழுத்துக்குச் சொல்கிற ‘சைஃபர்’ என்ற சொல்லும் அதிலிருந்தே போனது.

எண்ணிப் பார்க்கும் இந்த முறை பலிக்க வாசகம் நீளமாக இருக்க வேண்டும். பன்னிரண்டு எழுத்து மட்டும் கொடுத்தால் எவராலும் எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. புதிர் வைப்பவரின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் பிள்ளைகளுக்கு விடுவிப்பதைவிட வைப்பதில்தான் ஆசை அதிகம்.

வைத்தவருக்கு விடை தெரியும். அதனாலேயே அவருக்குத் தன் புதிர் எளிதாகத் தெரியும். வெறும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு, ‘நான் என்ன நினைத்தேன் சொல்’ என்பது புதிர் ஆகாது, அடுத்தவர் நேரத்தைத் தின்பது. கடினமாக இருக்கட்டும், ஐந்து நட்சத்திரம் வரை கடினம் குறிக்க இடம் இருக்கிறது. ஆனால் திறவுகோல் அந்தப் பக்கத்திலேயே எங்காவது கிடக்க வேண்டும்: தலைப்பில், படத்தின் பெயரில், தேவையில்லாமல் நிற்கிற ஒரு சொல்லில். விடை சரியா என்று தேடுபவர் நடந்து போகுமுன்பே தெரிந்துகொள்ளவும் வழி வைக்க வேண்டும். எல்லா இலக்கங்களையும் கூட்டினால் இவ்வளவு வரும் என்று ஒரு வரி எழுதினால் போதும். வெளியிடுமுன் வேறொருவரிடம் கொடுத்து விடுவிக்கச் சொல்லிப் பார்ப்பது நல்லவர்கள் வழக்கம். தன்னை நம்பி வெயிலில் நடந்து வருகிறவரின் நேரம் அமானிதம்.

தேடுபவர் பக்கமும் ஒன்று இருக்கிறது. விடுவித்த எண்களைப் பட்டியலாக்கிக் கைமாற்றுகிறவர்கள் உண்டு. அதை வாங்கிப் போய் நோட்டில் பெயர் எழுதினாலும் விதிப்படி கண்டுபிடித்ததாகவே கணக்கு. யாரும் பிடிக்க மாட்டார்கள். பரீட்சைக்கு விடைத்தாள் தேடுகிற பிள்ளைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பதைப் பெற்றோர் வீட்டில் பேசிக்கொள்ளலாம். முட்டி நின்றால் செய்ய வேண்டியது வேறு. ‘இதுவரை இப்படி யோசித்தேன், இங்கே நிற்கிறேன்’ என்று புதிர் வைத்தவருக்கே எழுதலாம். பெரும்பாலும் ஒரு சின்னத் தூண்டுதல் கிடைக்கும். கேட்பதில் வெட்கமில்லை.

பெட்டி வைக்கும் இடத்துக்கும் விதிகள் உண்டு. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே 161 மீட்டராவது இருக்க வேண்டும், தரையைத் தோண்டக் கூடாது, இடத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும். இது சும்மா ஏட்டு விதி என்று நினைக்காதீர்கள். 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில், ஒரு காபிக் கடை வாசலில் வைத்திருந்த சின்னப் பெட்டியை வெடிகுண்டு என்று சந்தேகித்து, தெருவைக் காலி செய்து, ராணுவம் வந்து வெடிக்கச் செய்தது.

நம் பிள்ளைகள் விஷயத்தில் இதை ஒளிக்காமல் சொல்கிறோம். பொழுது சாயும் நேரத்தில் தொப்பி போட்ட ஒரு பையன் தனியாகப் புதருக்குள் கைவிட்டுத் துழாவினால், பார்ப்பவர் எல்லாரும் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அது நியாயமில்லை. ஆனாலும் போலீஸிடம் பதில் சொல்லி நிற்கப்போவது பிள்ளைதான். ஆகவே வெளிநாட்டில் இருக்கும் உங்கள் மகனோ மருமகளோ குழந்தைகளோடு இறங்கினாலும் சரி, பகலில் குடும்பமாகப் போகச் சொல்லுங்கள். ரயில் நிலையம், துறைமுகம், அணை, காவல் நிலையம் பக்கம் வேண்டாம். பெட்டி உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், மேலே என்ன என்று எழுதி ஒட்டியிருக்கட்டும். யாராவது கேட்டால் மழுப்பாமல் ஃபோனைக் காட்டி விளக்கிவிடுவது நல்லது.

இங்கே நம் பிள்ளைகளுக்காக வெளியில் எதையும் ஒளிக்கவில்லை. இந்த நூலகத்துக்குள்ளேயே ஒரு பெட்டி வைத்திருக்கிறோம், நூலகரின் அனுமதியோடு. விடை மூன்று இலக்கம்: முதலாவது அலமாரி எண், இரண்டாவது மேலிருந்து எத்தனையாவது தட்டு, மூன்றாவது இடமிருந்து எத்தனையாவது புத்தகம். அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் பாருங்கள். புதிர் இது: அரபியில் ‘வெளிச்சம்’ என்பதற்கான சொல், மூன்றே எழுத்து, நடுவில் வாவ். வாவுக்கு 6. மற்ற இரண்டின் எண்களை இன்று நாங்களே சொல்லிவிட்டோம். மூன்று எழுத்தின் எண்களையும் கூட்டுங்கள். கிடைக்கிற எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 13 வர வேண்டும், வராவிட்டால் மறுபடி உட்காருங்கள். அஸருக்குப் பின் மஃரிப் வரை நூலகம் திறந்திருக்கும். பெட்டிக்குள் நோட்டு இருக்கிறது, பேனா இல்லை, கொண்டு வாருங்கள்.