நம்ம கடன் ரிப்போர்ட்டை நாமே திருத்தலாம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வங்கியில் முப்பது வருஷம் இருந்தவன் பேச வந்தால் சேமிப்பைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. உங்கள் பெயரில், நீங்கள் பார்க்காத ஒரு மார்க் ஷீட் இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கடன் அறிக்கை, ஊர் வழக்கில் சிபில் ரிப்போர்ட்.

சிபில் மட்டுமல்ல, எக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என்று மொத்தம் நான்கு நிறுவனங்கள் உண்டு. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் நடப்பவை. மதிப்பெண் 300 முதல் 900 வரை.

"எங்களுக்கு ஏது சார் கடன்?" என்று மாணவர்கள் கேட்கலாம். கல்விக் கடன் வாங்கியிருக்கிறீர்களே! அது உங்கள் பெயரிலும், கூடக் கையெழுத்துப் போட்ட அப்பா அம்மா பெயரிலும் பதிவாகிறது. கடன் வரலாறு சரியில்லை என்று ஒருவருடைய பணி நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-இல் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கே இப்படி என்றால் பாருங்கள்.

நம் கல்லூரித் தம்பி ஒருவன் கல்விக் கடனைக் கடைசி ரூபாய் வரை கட்டி, நோ டியூ சர்டிபிகேட்டும் வாங்கி வைத்திருந்தான். வீடு வாங்க அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் கடன் கேட்டால், இல்லை என்றுவிட்டார்கள். ரிப்போர்ட்டில் பழைய கடன் இன்னும் பாக்கி! ஒரு ஏஜெண்ட், "பத்தாயிரம் குடுங்க, ஸ்கோரை ஏத்தித் தர்றேன்" என்றாராம். என்னிடம் வந்தான். "பத்து பைசா வேண்டாம்பா, நீயே செய்யலாம்" என்றேன். எப்படி?

முதலில் ரிப்போர்ட்டை வாங்குங்கள். நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2017 முதல் உள்ள விதி இது. நம்முடையதை நாமே பார்த்தால் மார்க் குறையாது.

அடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து படியுங்கள். பெயர், பிறந்த தேதி, பான் எண் சரியா? வாங்காத கடன் இருக்கிறதா? முடித்த கடன் முடிந்ததாக இருக்கிறதா? ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் தாமதம் என்று நாள் கணக்குப் போட்டிருக்கிறதா?

தவறு இருந்தால் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே புகார் பதியலாம். கட்டணம் கிடையாது. ஆனால் ஒன்று: கடன் கொடுத்த வங்கி சொல்லாமல் அந்த நிறுவனம் ஒரு எழுத்தைக்கூட மாற்றாது. அதனால் சான்று நகலை இணைத்து வங்கிக்கும் எழுதுங்கள். புகார் எண்ணும் தேதியும் பத்திரம்!

மொத்தம் 30 நாள் கெடு. அதில் வங்கிக்கு 21 நாள். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. ரிசர்வ் வங்கி 2023-இல் அறிவித்து, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அப்படியும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அங்கேயும் செலவில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உண்மையிலேயே தவணை தவறியிருந்தால் எந்த ஏஜெண்டாலும் அழிக்க முடியாது. பேரம் பேசிக் குறைத்துக் கட்டிய கடன் 'செட்டில்டு' என்றுதான் வரும்; அது பிழையல்ல. திருத்த முடிவது பொய்யை மட்டும்தான்.

அந்தத் தம்பிக்கு நாலாவது வாரம் திருத்தம் வந்தது. ஆனால் பேசிய கெடு முடிந்து, அந்த வீடு வேறொருவர் கைக்குப் போய்விட்டது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பார்த்திருந்தால் வீடும் கிடைத்திருக்கும். தேவை வரும்போது பார்ப்பதல்ல இது. தேவைக்கு முன்னால் பார்ப்பது.

ஆகவே மாணவச் செல்வங்களே, அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது அப்பா அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். பரீட்சை மார்க்கில் சந்தேகம் வந்தால் மறுகூட்டலுக்குப் போடுவீர்களே, அதே துணிச்சல் இங்கேயும் போதும்.