கிருபாபாய் சத்தியநாதன்

விக்டோரியா அரசி ஆண்ட காலத்தில், இந்திய மண்ணிலிருந்து ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முன்னோடிப் பெண் கிருபாபாய் சத்தியநாதன். 1862இல் அகமத்நகரில் பிறந்தார். பம்பாய் மாகாணத்தில் தொடக்கத்திலேயே கிறித்தவம் தழுவிய பிராமணக் குடும்பம். தந்தை சீக்கிரமே காலமானார். படிப்பின் ருசியைக் காட்டிய அண்ணன் பாஸ்கரும் இளவயதிலேயே மறைந்தார்.

மருத்துவம் படிக்க வேண்டும் என்பதே அந்தப் பெண்ணின் தீராத ஆசை. இங்கிலாந்து சென்று படிக்க வாய்ப்பு வந்தது. உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, முதலாண்டில் சிறந்து தேறினார். ஓராண்டு உழைப்புக்கே உடல் சாய்ந்தது. படிப்பு நின்றது. மருத்துவம் இழந்தவரை எழுத்து எடுத்துக்கொண்டது.

சென்னையில் தங்கியிருந்தது போதகர் டபிள்யூ. டி. சத்தியநாதன் வீட்டில். அவர் மகன் சாமுவேலை மணந்து உதகமண்டலம் சென்றார். அங்கே இசுலாமியச் சிறுமிகளுக்குப் பள்ளி தொடங்கினார். பிறகு ராஜமுந்திரி, கும்பகோணம், மறுபடி சென்னை.

1887–88இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் 'சகுணா' தொடராக வந்தது. படிப்புக்காகப் போராடும் கிறித்தவப் பெண்ணின் கதை. பெரும்பகுதி அவருடைய கதையேதான்.

ஆனாலும் அவருடைய ஆற்றல் முழுமையாக வெளிப்படுவது 'கமலா'வில். இதில் நாயகி இந்துப் பெண். சிறுவயதிலேயே வாழ்க்கைப்பட்டு, மாமியார் வீட்டில் சொல்லடி படுகிறாள்; கணவனின் மனம் வேறொருத்தி பக்கம் போகிறது. கடைசியில் கணவனையும் குழந்தையையும் இழக்கிறாள். அவளை நேசிக்கும் ஒருவன் மணம் செய்துகொள்ளக் கேட்கிறான். மறுமணத்தோடு கதையை முடித்திருந்தால் சீர்திருத்தம் பேசியவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். கமலாவோ மறுத்துவிடுகிறாள்; வழிவழி வந்த வழக்கம் அவள் நெஞ்சுக்குள்ளேயே வேரோடியிருக்கிறது. அந்த வேரின் ஆழத்தை, வேறு சமயத்தில் வளர்ந்த ஒருவர் இத்தனை பரிவோடு அளந்து சொன்னதுதான் இந்த நாவலின் பெருமை.

இதை எழுதியபோது நோய் முற்றியிருந்தது. பெற்ற ஒரே குழந்தையும் முதலாண்டு நிறையுமுன் போயிருந்தது. 1894இல் 'கமலா' வெளிவந்தது. அதே ஆண்டில், முப்பத்திரண்டு வயதில், கிருபாபாய் மறைந்தார். 'சகுணா' நூலாக வந்தது 1895இல், அவருக்குப் பின். இரண்டும் நெடுங்காலம் அச்சில் இல்லாமல் கிடந்து, 1998இல் சந்தனி லொகுகே பதிப்பித்த ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடுகளாக மீண்டும் வாசகரிடம் வந்தன.