பால்மரமும் சிற்பியின் அச்சும்



தீபாவளி நெருங்கும்போது தோட்டப்புறத்திலிருந்து பேருந்து ஏறிக் கோலாலம்பூர் வந்தால், நம்மில் பலர் முதலில் கால் வைப்பது மஸ்ஜித் இந்தியாவில்தான். சேலை, வளையல், பித்தளைச் சாமான் என்று வாங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அப்படிப் போன ஒரு நாளில்தான், விட்டுப் போயிருந்த சிற்ப வேலை எங்களை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

சிறு வயதில் ஆற்றோரக் களிமண்ணில் மாடும் குதிரையும் செய்தவர்கள் நாங்கள். வேலை, குடும்பம் என்று வந்தபின் கையில் மண் படவே இல்லை. அன்று ஒரு கடையில் கருங்கல் யானை ஒன்று கண்ணில் பட்டது. தூக்கினால் கனமே இல்லை!

“கல்லுன்னு நெனச்சீங்களா? இது ரெசினுங்க. அச்சுல ஊத்தி எடுக்கிறது” என்றார் கடைக்காரர்.

“அச்சு எதுல செய்வாங்க, அண்ணே?”

“ரப்பரா இருக்கும்.”

ரப்பர்! வீடு வந்து சேரும்வரை அந்தச் சொல் மனத்தைவிட்டு அகலவில்லை. பாட்டன் காலம் தொட்டு அந்தப் பாலை மங்கில் பிடித்து, வாளியில் சுமந்து, ராத்தல் கணக்கிலும் கிலோக் கணக்கிலும் நிறுத்துக் கொடுத்தவர்கள் நாம். சிற்பிக்கும் அது வேண்டிய பொருள் என்று நமக்கு யார் சொன்னார்கள்?

உடனே செய்து பார்த்தோம். தெரிந்த ஒருவரிடம் ஒரு போத்தல் பால் வாங்கினோம். உறையாமலிருக்க அம்மோனியா சேர்ப்பது உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான். வீட்டிலிருந்த பித்தளை யானையின்மேல் அந்தப் பாலைத் தூரிகையால் பூசினோம். காய்ந்ததும் உரித்தோம். தும்பிக்கை இருந்த இடத்தில் கிழிந்தது. மிஞ்சிய தோலும் சில நாளில் பழுப்பேறிப் பிசுபிசுத்துப் போயிற்று.

தவறு இரண்டு. மரத்திலிருந்து இறக்கிய பால் அப்படியே காய்ந்தால் அதற்குப் போதிய வலு இருக்காது. கந்தகம் முதலியவற்றைச் சேர்த்து, சூட்டில் பக்குவப்படுத்திய பாலையே அச்சுக்குப் பயன்படுத்துவார்கள். இரண்டாவது, பித்தளையில் இருக்கும் செம்பு. செம்பு ரப்பருக்குப் பகை. ரப்பரைச் சீக்கிரமே கெடுத்துவிடும்.

ஆகவே பழையபடி மண்ணுக்கே திரும்பினோம். மண்ணுக்கு இந்த ஊரில் பஞ்சமா? பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே அங்கிருந்த செங்கல் சூளைகளால் வந்ததுதானே! களிமண்ணில் ஒரு குதிரை செய்தோம். சற்று உலரவிட்டு, பக்குவப்படுத்திய பாலை மெல்லியதாக ஒரு பூச்சு, அது காய்ந்தபின் இன்னொன்று என்று பத்துப் பூச்சு வரை கொடுத்தோம். இங்கே அவசரப்பட்டால் காரியம் கெடும். பிறகு அதன்மேல் பாரிஸ் சாந்தினால் கெட்டியான வெளிக்கூடு. கை முறிந்தால் மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போடுவார்களே, அதே மாவுதான். கூடு இல்லாவிட்டால், உள்ளே சாந்து ஊற்றும்போது ரப்பர்த் தோல் உப்பி உருவம் கோணிவிடும். அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். வெளித்திண்ணையில் வைத்துச் செய்வது நல்லது.

பளிங்கும் வெண்கலமும் இருந்தால்தான் சிற்பம் என்று எண்ணிவிட வேண்டாம். வங்காளத்துச் சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பெய்ஜ் என்ற சிற்பி இருந்தார். 1906இல் பிறந்து 1980இல் மறைந்தவர். 1938இல் அவர் ‘சந்தால் குடும்பம்’ என்ற சிலையைத் திறந்த வெளியில் எழுப்பினார். இரும்புக் கம்பியால் கூடு கட்டி, அதன்மேல் சிமெண்டையும் அவ்வூர்ச் செம்மண் சரளைக் கல்லையும் கலந்து அப்பினார். தகப்பன் தோளில் காவடித் தடி, அதில் தொங்கும் கூடையில் பிள்ளை, பக்கத்தில் தாய், கூடவே ஒரு நாய். தட்டுமுட்டுச் சாமானோடு பிழைப்புத் தேடிப் புறப்பட்ட குடும்பம் அது. நம் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பார்த்தால் யாரென்று கேட்கமாட்டார்கள். 2006இல் திறக்கப்பட்ட பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர் உயரம். அதுவும் இரும்புக் கம்பியும் கான்கிரீட்டும்தான்.

பாலை அச்சாக வைத்துக்கொள்ளாமல் சிற்பமாகவே ஆக்கியவரும் உண்டு. அமெரிக்காவில் வாழ்ந்த ஈவா ஹெஸ் 1960களின் இறுதியில் ரப்பர்ப் பாலைத் துணியில் பூசிச் சிற்பங்கள் படைத்தார். 1970இல், 34 வயதிலேயே காலமானார். ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றுள் பல பழுப்பேறி நொறுங்கத் தொடங்கின. பழைய ஒட்டுப்பாலைக் கையில் எடுத்துப் பார்த்த நமக்கு இதில் வியப்பில்லை. விலை உயர்ந்த அந்தப் படைப்புகளை எப்படிக் காப்பது என்பதுதான் அருங்காட்சியகத்தாருக்குப் பெரிய கவலை.

எங்கள் குதிரைக்கு வருவோம். அச்சுக்குள் சாந்து ஊற்றி, இறுகியபின் வெளிக்கூட்டைக் கழற்றி, ரப்பர்த் தோலைக் காலுறை கழற்றுவதுபோல் உருட்டி எடுத்தோம். பிடரி மயிரில் அழுந்தியிருந்த எங்கள் விரல் ரேகைகூட அப்படியே வந்திருந்தது. ஒரு காதை மட்டும் காணோம். அந்த இடத்தில் காற்றுக் குமிழி. அடுத்த முறை ஊற்றும்போது அச்சின் பக்கங்களை மெல்லத் தட்டிக்கொண்டே ஊற்ற வேண்டும்.