விருந்தினர் திரும்பிய பின்னர்



2022ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் இரவு, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் தலைவராக அன்று இருந்த நான்சி பெலோசி அம்மையார் தைவானின் தலைநகரான தைபேயில் வந்திறங்கினார். மறுநாள் மாலையே விமானம் ஏறிவிட்டார். ஒரு நாள்கூட நிறையாத அந்த வருகைக்கு விலை கொடுத்தவர் யார்? அதைத்தான் இன்று உங்கள் முன் எடுத்துவைக்க விரும்புகிறேன்.

அவர் புறப்பட்ட 3ஆம் தேதியே, தைவான் உழவனின் பம்பளிமாசும் ஆரஞ்சும், மீனவனின் வாளை மீனும் இனி வேண்டா என்றது சீன அரசு. 4ஆம் தேதி, தீவைச் சுற்றி ஆறு கடற்பகுதிகளைக் குறித்துப் போர்ப்பயிற்சி தொடங்கிற்று, ஏவுகணைகள் பாய்ந்தன. 5ஆம் தேதி, அமெரிக்காவுடன் நடந்துவந்த படைத்துறைப் பேச்சுகளும் தட்பவெப்பப் பேச்சும் நிறுத்தப்பட்டன. நீரிணையின் நடுக்கோட்டைச் சீனப் போர் விமானங்கள் தாண்டுவது அதன்பின் வாடிக்கையாகிவிட்டது.

இது புதிய கதையன்று. 1960 ஜூனில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் தைபே வந்தார். அவ்வருகையையொட்டிச் சீனப் பீரங்கிகள், தைவான் அரசின் ஆளுகையிலிருந்த கின்மென் தீவின்மீது குண்டுமாரி பொழிந்தன. வந்தவர் நலமாகத் திரும்பினார். குண்டுகளைத் தாங்கியது கின்மென்.

அப்படியானால் யாருமே அங்கு போகக் கூடாதா என்று கேட்பீர்கள். அப்படி நான் சொல்லவில்லை. ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் மக்கள் வாழும் தீவு அது. 1996 முதல் தங்கள் குடியரசுத் தலைவரைத் தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மக்கள் அவர்கள். தைவான் தன் பகுதியே என்பது பெய்ஜிங்கின் வாதம். வாதாட அதற்கு உரிமையுண்டு. ஆனால், பிறர் வீட்டு வாசலில் யார் நிற்கலாம் என்பதைப் பீரங்கி முடிவு செய்வது நீதியாகாது. உழவன் வயிற்றில் அடிப்பது வாதமுமாகாது.

அதே வேளையில் விருந்தினரையும் நாம் கேட்க வேண்டாமா? 1979 முதல் அமெரிக்கா ஏற்றுக்கொண்டிருப்பது பெய்ஜிங் அரசைத்தான். தைபேயில் அதற்கு முறையான தூதரகம் இல்லை. அவ்வாண்டு இயற்றிய தைவான் உறவுச் சட்டம், தைவானுக்கு ஆயுதம் வழங்க வழிசெய்கிறது. போர் மூண்டால் படை வரும் என்று உறுதி கூறவில்லை. பிரிட்டனின் லிஸ் டிரஸ் அம்மையார் 2023 மே மாதம் தைபே சென்று முழங்கினார். எப்போது? பிரதமர் பதவியை விட்டிறங்கிய பின்னர்! பொறுப்பு இருந்தபோது போகாத கால்கள், பொறுப்பு நீங்கியதும் நடந்தன.

ஆகவே தோழர்களே, இத்தகைய பயணங்களை வரவேற்பு ஆரவாரத்தைக் கொண்டு எடை போடாதீர்கள். வந்தவர் எதை விட்டுச் சென்றார் என்று பாருங்கள். விருந்தினர் திரும்பிய மறுநாள், தைவான் மீனவன் அஞ்சாமல் வலையெடுத்துக் கடலுக்குப் போக முடிந்ததா? முடிந்திருந்தால் அது நட்பு. முடியாமற்போயிருந்தால், அவனுடைய கரையில் நின்று தம் நாட்டு வாக்காளரிடம் பேசிய பேச்சே அது!