இல்லம் திரும்பும் நோயாளிக் குழந்தையும் நமது கடமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் சாவைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அண்ணல் அம்பேத்கரும் அன்னை ரமாபாயும் ஈன்ற ஐந்து மக்களுள் நால்வரை இளமையிலேயே இழந்தனர். கடைக்குட்டி ராஜரத்தினம் மறைந்தது 1926-இல். நாம் அறியாத துயரமன்று இது. அத்துயரின் இறுதி நாள்களை எவ்வாறு நடத்துவது என்பதைத்தான் அறியாதிருக்கிறோம்.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் தெருக்களில் காண்பது இதுதான். புற்றுநோய் முற்றிய குழந்தைக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கேட்டதும், மருத்துவ ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்வதாக எழுதிய தாளில் கைந்நாட்டு வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கி வருகின்றனர். அன்றேல் இருக்கும் நகையை அடகு வைத்து, கந்துவட்டிக்கும் வாங்கி, மற்றொரு தீவிர சிகிச்சைப் பிரிவை நாடுகின்றனர். அண்டை அயலாரின் ஏச்சுக்கு அஞ்சியே அவ்வாறு செய்வோரும் உளர். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டு.

நோயைத் தீர்க்கும் முயற்சியை நிறுத்துவது வேறு. வலியைத் தணிப்பது வேறு. முன்னது நின்றாலும் பின்னது நிற்கலாகாது. கடும் வலிக்கு மார்பின் என்னும் மருந்து உண்டு. குழந்தையின் எடைக்கேற்ப, பொதுவாக நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, வாய்வழியே கொடுக்கலாம், ஊசி வேண்டுவதில்லை. அபினியிலிருந்து வருவதாயிற்றே, பழக்கமாகிவிடுமே என்று பாட்டிமார் அஞ்சுவர். மருத்துவர் வகுத்த அளவில் வலிக்கெனக் கொடுக்கும்போது அவ்வச்சத்துக்கு இடமில்லை. மலச்சிக்கல் உண்டாகும், அதற்கும் மருந்து கேட்டுப் பெறவேண்டும். இதனை நோயாளிகள் எளிதில் பெறுதற்காகவே 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது.

உணவைப் பற்றியும் ஒரு சொல். இறுதி நாள்களில் பசி தானே அடங்கும். பட்டினி போட்டுவிட்டோமே என்று கஞ்சியை வற்புறுத்திப் புகட்டினால் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடக்கூடும். ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தலே போதும். விவரம் அறிந்த பிள்ளையாயின் அதன் விருப்பத்தையும் கேட்க வேண்டும். காசிமேட்டுப் படகுகளைக் காண விரும்பலாம்; தம்பியை அருகில் படுக்கவைக்கச் சொல்லலாம். பெரியவர்கள் மறைப்பதைப் பிள்ளைகள் பெரும்பாலும் அறிந்தே இருக்கின்றனர்.

சட்டம் என்ன சொல்கிறது? கண்ணியமாக இறக்கும் உரிமையை உச்சநீதிமன்றம் 2018-இல் ஏற்றது. நடைமுறையை 2023-இல் எளிதாக்கியது. முன்கூட்டியே விருப்ப ஆவணம் எழுதும் உரிமை வயது வந்தோர்க்கே உண்டு. குழந்தைக்காகப் பெற்றோரும் மருத்துவரும் கலந்தே முடிவு காண வேண்டும். பெற்றோர் கேள்வி கேட்பது குற்றமன்று, அவர்தம் உரிமை.

ஆதலின், எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்தோ ஸ்டான்லியிலிருந்தோ புறப்படுமுன், இல்லத்திலேயே வலி நிவாரணமும் ஆதரவு சிகிச்சையும் கிட்டுமா, மருந்து எங்கே பெறுவது, இரவில் மூச்சுத் திணறினால் யாரை அழைப்பது என்று கேளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இல்லம் வந்து ஆதரவு சிகிச்சை அளிப்பதும் அடங்கும். நம் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

நம் சங்கத்தில் பயின்று பட்டம் பெற்றோர் இத்தெருக்களில் இன்று பலர் உளர். அந்தத் தாளில் கைந்நாட்டு விழுமுன் அதனை வாய்விட்டுப் படித்துக்காட்ட ஒருவர் உடன் செல்ல வேண்டும். இசைவோர் இன்று மாலையே செயலாளரிடம் பெயர் பதிந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.